மோதிரத்தின் கொம்பும் காலும்

சில வருஷங்களுக்கு முன்னால், அட்சய திருதியை அன்று காலை தி.நகர் நகைக்கடையில் இருந்தவர்கள்: எங்கள் மென்பொருள் கம்பெனி சார்பில் நானும் ஹரிணியும், கடை முதலாளி அண்ணாச்சி, பில் போடும் பெண்கள், வாசலில் மோருக்கு நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டால் தெருவில் பாதி. இருக்க வேண்டியவர்களில் இரண்டு பேர் இல்லை. ஒருவர் எங்கள் சார். குடும்பத்தோடு திருப்பதி வரிசையில் நின்றார், போனை வெளியிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். இன்னொருவர் கடையின் கணக்குப் பிரிவில் இருக்கும் செல்வி அக்கா. மகளுக்குப் பிரசவ வலி கண்டு விடியும்போதே எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இந்த இரண்டு பேரில் ஒருவர் இருந்திருந்தாலும் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

நீங்கள் நான்கு பேரும் போன வாரம் சேர்ந்தீர்கள். நான் இந்த மாதக் கடைசியில் போகிறேன். போவதற்கு முன்னால் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கோடு எப்படி எழுதுவது என்று சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். நான் சொல்லப் போவது, பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்த்து வயிறு எரியும்போது எப்படி முடிவெடுப்பது என்பதைப் பற்றி.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நகைக்கடை பில்லில் சேதாரம் என்று ஒன்று உண்டு. நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்காக விலையோடு சேர்க்கும் விழுக்காடு. மோதிரத்துக்கு ஒன்று, சங்கிலிக்கு ஒன்று, வளையலுக்கு ஒன்று. பண்டிகை வந்தால் குறையும், கல்யாண மாதம் வந்தால் ஏறும். ஒவ்வொரு முறை மாறும்போதும் கடையிலிருந்து எங்களுக்குப் போன் வரும். நான் எழுதிய பழைய பில்லிங் நிரலைத் திறந்து நான்தான் மாற்றுவேன். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்.

அந்த ஆங்கிலப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அடையாற்றங்கரையில் குடியிருந்தபோது தொடங்கிய படிப்பு, அரசாங்கம் எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு இரண்டு பஸ் மாறிப் போய் முடிந்தது. கல்லூரியில் கணிதம் என்னைப் பயமுறுத்தவில்லை, ஆங்கிலம்தான் பயமுறுத்தியது. நிரலில் ஒரு பெயர் வைக்க அகராதி பார்ப்பேன். தப்பான பெயர் வைத்து வகுப்பில் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அதனால் நான் எழுதிய ஒவ்வொரு ஆங்கிலப் பெயரும் தவணை கட்டி வாங்கிய சாமான் மாதிரி எனக்கு.

ஹரிணிக்கு ஆங்கிலம் குழாயில் வருகிற தண்ணீர். மயிலாப்பூர்க்காரி, கான்வென்ட்டில் படித்தவள். என்னோடு ஒரே மாதத்தில் சேர்ந்தாள். அவள் ஒரு நாள் அந்தக் குழாயை மூடிவிட்டு, சேதார விதிகளைத் தமிழில் எழுதினாள். மோதிரம் என்று தமிழிலேயே பெயர், சமக்குறி, பிறகு எண். அவ்வளவுதான் ஒரு விதி. நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக வைத்துவிட்டால் செல்வி அக்காவே மாற்றிக்கொள்ளலாம், யாரும் நமக்குப் போன் போட வேண்டாம் என்றாள். கணினி மொழிகள் இப்போது தமிழ் எழுத்தைப் பெயராக ஏற்றுக்கொள்கின்றன என்பது எனக்கும் தெரியும். பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அதை வைத்து ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் எதிலிருந்து ஏறி வெளியே வந்தேனோ அதை எடுத்து அவள் மேசைமேல் வைத்தாள், எல்லாரும் கைதட்டினார்கள். அவள் என்னிடமிருந்து எதையும் திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். கோபப்பட ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

சொன்னேன்.

“அந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணிச்சு?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்பறம் இன்னாத்துக்குடா எரியுது உனக்கு?”

சோறு போட்டார், சாப்பிட்டேன்.

புது முறை கடைக்குப் போன முதல் நாளே நின்றுபோனது. எனக்கு உள்ளுக்குள் பண்டிகை. போய்ப் பார்த்தால் காரணம் ஒரே எழுத்து. செல்வி அக்கா எந்தத் தாளையும் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்க மாட்டார். விதிக் கோப்பின் முதல் வரியிலும் “உ” என்று போட்டுவிட்டுத்தான் மோதிரத்துக்கே வந்திருக்கிறார். ஒரு காலத்தில் தமிழ் எழுத்தைக் கண்டதுமே மொழிகள் பிழை என்று துப்பியிருக்கும். இப்போது “உ” என்பதும் ஒரு முறையான பெயர். அதனால் நிரல் அதை மரியாதையாகப் படித்து, உ என்று ஒருவரைத் தேடி, இல்லை என்று நின்றுவிட்டது.

நானாக இருந்தால் இனிமேல் இது போடாதீர்கள் அக்கா என்று சொல்லியிருப்பேன். ஹரிணி அப்படிச் சொல்லவில்லை. நிரலின் தொடக்கத்தில் உ என்ற பெயரை முன்கூட்டியே அறிவித்து வைத்தாள். அதற்கு ஒரு வேலையும் கிடையாது, சும்மா இருக்கும். செல்வி அக்கா சுழி போட்டால் நிரலும் ஏற்றுக்கொள்ளும். “பிள்ளையாருக்கே வேரியபிள் போட்டு வச்சிருக்கா பாரு” என்று சார் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். கூரியர் பையனிடமும் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் நான் ஒரு முட்டாள் வேலை பார்த்தேன். இருப்புக் கணக்கு சர்வர் என் பொறுப்பு, அது ‘கோ’ என்ற கணினி மொழியில் எழுதியது. அதிலும் தமிழ்ப் பெயர்களைப் போட்டுத் திங்கட்கிழமை சாருக்குக் காட்டுவோம் என்று உட்கார்ந்தேன். முதல் பெயர் “தங்கம்”. உடனே பிழை. பெயருக்குள் எழுத்தையும் எண்ணையும்தான் அந்த மொழி அனுமதிக்கும். க எழுத்து, ம எழுத்து. மேலே இருக்கும் புள்ளி எழுத்தில்லை, கொம்பும் காலும் சுழியும் எழுத்தில்லை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் அட்டவணையில் அவை ஒட்டுக்குறிகள் என்று தனி வரிசையில் இருக்கின்றன, கோ அந்த வரிசையை உள்ளே விடாது. வேறு எந்தச் சொல்தான் தேறும் என்று ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தேன். “அட” தேறியது. “பல” தேறியது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நகைக்கடை நடத்த முடியாது. போதாததற்கு, ஒரு பெயர் தன் தொகுப்புக்கு வெளியே தெரிய வேண்டுமானால் அந்த மொழியில் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது? என் பெயர்கள் உள்ளே நுழைந்தாலும் வெளியே தெரியாது. மடிக்கணினியை மூடிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமிழை ஏற்றுக்கொள்ளும் மொழி, ஏற்றுக்கொள்ளாத மொழி என்று இரண்டே வகை இல்லை. ஒவ்வொன்றும் தன் வாசலில் தன் இஷ்டப்படி ஆள் நிறுத்தியிருக்கிறது. அந்த ஆளைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான் அந்த வாரம் பார்த்தேன். ஹரிணியைவிட எனக்கு இதில் ஒரு படி அதிகம் தெரியும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

பண்டிகைக்கு முன்னால் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “அட்சய திருதியை ஒழுங்கா முடியட்டும். முடிஞ்சதும் டீம் லீட் யாருன்னு சொல்றேன். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்” என்றார். லீட் என்றால் சம்பளத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் போன் போடுவார்கள். எங்கள் தெருவில் யாருடைய பெயரையும் கேட்டு யாரும் போன் போட்டதில்லை. எனக்கு அது வேண்டும். இரண்டு வருஷமாக வேண்டும்.

பண்டிகைச் சேதாரம் எல்லா நகைக்கும் எட்டு விழுக்காடு என்று அண்ணாச்சி முடிவு செய்தார். வழக்கமாக மோதிரம், தோடு, ஆரம் மூன்றுக்கும் பன்னிரண்டு. கடைப் பழக்கம் என்னவென்றால் பழைய கணக்கில் கை வைக்க மாட்டார்கள், புதுப் பருவத்துக்குப் புதுத் தாள். அதன்படி செல்வி அக்கா எங்கள் அடிப்படைக் கோப்பைத் தொடாமல், பண்டிகை விதிகளை உ போட்டுத் தனிக் கோப்பாக அடித்து வைத்திருந்தார். நிரல் முதலில் அடிப்படைக் கோப்பைப் படிக்கும், அதன்மேல் பண்டிகைக் கோப்பைப் படிக்கும். பிந்தி வந்த எண் நிற்கும். ஹரிணி ஆபீசில் பைத்தான் மொழியில் ஓட்டிப் பார்த்தாள். எட்டு வந்தது. கடைக் கவுண்டர்களில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். பெயர், சமக்குறி, எண் என்பது இரண்டு மொழிக்கும் பொது என்பதால் ஒரே கோப்பு இரண்டிலும் ஓடும் என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஓடியது.

பண்டிகை அன்று கடை திறந்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். கோடம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா, மருமகனுக்கு மோதிரம் எடுத்துவிட்டு பில்லைக் கையில் பிடித்தபடி வாசலுக்குப் போய்ப் போர்டைப் பார்த்தார், திரும்ப வந்தார். சினிமாவுக்கு உடை தைப்பவர், ஒரு நூல் விலகினாலும் கண்ணில் படுமாம். பின்னால் அவரே சொன்னார்.

“வெளில எட்டுன்னு இம்மாம் பெருசா எழுதிக்கீது. உள்ள பன்னெண்டு போட்டுக்கினு கீறீங்க. இன்னா இது?”

பில் போடும் பெண் பதறிப்போய், சிஸ்டம்தான் போடுகிறது, நான் போடவில்லை என்றாள்.

“அப்ப அந்த சிஸ்டத்த இட்டா இங்க. நான் பேசிக்கிறேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு தங்கள் தங்கள் பில்லைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. யாரோ செல்போனை உயர்த்திப் படம் எடுக்கத் தொடங்கினார். அண்ணாச்சி இருக்கையை விட்டு எழுந்து அந்த அம்மாவிடம் போய்க் கைகூப்பி நின்றார்.

ஹரிணி பண்டிகைக் கோப்பைத் திறந்து காட்டினாள். மோதிரம், சமக்குறி, எட்டு. கண்ணுக்கு நேராக இருந்தது. மடிக்கணினியில் இருந்த பிரதியை மறுபடி ஓட்டினாள். எட்டு. கவுண்டரில் பன்னிரண்டு.

“லேப்டாப்ல சரியா வரது. இங்க வரல. எனக்கு ஒண்ணும் புரியல வினோத்” என்றாள்.

அவள் வாயிலிருந்து புரியல என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். கடையே எரிந்துகொண்டிருக்கிறது, அந்தச் சொல் எனக்குத் தித்தித்தது.

பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். சங்கிலி எட்டு. வளையல் எட்டு. மோதிரம் பன்னிரண்டு. தோடு பன்னிரண்டு. மோ, தோ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் மேசைமேல் தாமாக அசைந்தன. அரசாங்க வேலைக்கு ஆகும் என்று அம்மா என்னைத் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுத வைத்திருந்தார். சைதாப்பேட்டை இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாதம் தட்டியிருக்கிறேன். அந்த மெஷினில் “மோ” என்று ஒரு விசை கிடையாது. முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ம, பிறகு கால். மூன்று தட்டு. செல்வி அக்காவும் அந்த வழியில் வந்தவர். கம்ப்யூட்டரிலும் அதே பழைய விசைப்பலகை முறையைத்தான் வைத்திருந்தார். ஹரிணியோ ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குபவள்.

செல்வி அக்காவின் கோப்பில் “மோ”வுக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறை பேக்ஸ்பேஸ் அழுத்தினேன். கால் மட்டும் போயிற்று, “மே” என்று நின்றது. ஹரிணியின் கோப்பில் அழுத்தினேன். கொம்பும் காலும் ஒன்றாகப் போய் “ம” மட்டும் நின்றது. திரையில் ஒரே மோதிரம், உள்ளே இரண்டு. அவளுடையதில் ஓகாரக் குறி ஒரே எண்ணாக இருக்கிறது. அக்காவுடையதில் கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சொல்கிறது. பைத்தான் அதைக் கேட்டு, பெயரைப் படிக்கும்போதே இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் கேட்காது. எண் வரிசை வேறென்றால் பெயர் வேறு. அக்காவின் மோதிரத்தை முன்பின் தெரியாத புது ஆளாக எடுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் எட்டை அதன் கையில் கொடுத்துவிட்டது. பழைய மோதிரம் தன் பன்னிரண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. கண்டிப்பு முறை என்று ஒன்று அந்த மொழியில் உண்டு. அதை இயக்கியிருந்தால் அறிவிக்காத பெயருக்கு எண் கொடுக்க விட்டிருக்காது. நாங்கள் இயக்கவில்லை.

உங்கள் கணினிகளில் இதையெல்லாம் எடிட்டரே மஞ்சள் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. உங்களைப் பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

ஹரிணியிடம் சொன்னேன். அண்ணாச்சி காதிலும் விழ வேண்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன், ஆனால் அவர் அந்த அம்மாவைச் சமாதானம் செய்து மோர் வரவழைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்தபோது ஹரிணி விளக்கினாள். இரண்டே வாக்கியம். ஒரே பெயரில் இரண்டு பெட்டி இருக்கிறது, அக்கா ஒன்றில் போட்டார், பில் இன்னொன்றிலிருந்து எடுக்கிறது என்றாள். அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. கண்டுபிடித்தவன் நான். ஆனால் என் வாயில் வந்திருந்தால் யூனிகோட், ஒட்டுக்குறி என்று அரை மணி நேரம் ஆகியிருக்கும், அவர் பாதியில் எழுந்து போயிருப்பார். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை, என்னுடையதை எடுத்துக்கொள்ளவும் இல்லை. நன்றாகச் சொன்னாள், அவ்வளவுதான். அப்படி நன்றாகச் சொல்வதுதான் என்னைச் சுட்டது.

அண்ணாச்சி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

“ஒங்க ரெண்டு பேர்ல யாரு பொறுப்பு?”

“நான்” என்றாள் ஹரிணி. “நான்” என்றேன் நானும். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

“ரெண்டு பேரும்னா ஒருத்தரும் இல்லன்னு அர்த்தம். சரி, என்ன செய்யப் போறீங்க? அதச் சொல்லுங்க.”

எல்லாக் கவுண்டரையும் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, ஆங்கிலப் பெயர்களோடு இருக்கும் பழைய நிரலுக்கு மாறிவிடலாம் என்றேன். ஹரிணி, கோப்பைப் படிக்கும் இடத்தில் ஒரு வரி சேர்த்து எல்லாப் பெயரையும் ஒரே வடிவமாக்கிவிடலாம், பத்து நிமிஷம் போதும் என்றாள். கூட்ட நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கை வைக்கக் கூடாது என்றேன். பரீட்சித்துப் பார்க்காத வரியை நம்பக் கூடாது என்றேன். இதே சிக்கல் வேறு எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று தெரியாது என்றேன். எல்லாம் சரியான காரணங்கள், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் பழைய நிரல் நான் எழுதியது. அதற்கு மாறினால் அவளுடைய தமிழ் விதிகள் அன்றோடு முடிந்தன. அந்தக் காரணங்களை என் அறிவு சொன்னதா, வயிறு சொன்னதா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. நெருக்கடியில் மிகவும் ஆபத்தான நிலை இதுதான். தப்பான யோசனையோடு நிற்பவனை யாராவது திருத்திவிடலாம். சரியான யோசனையைத் தப்பான ஆசையோடு பிடித்துக்கொண்டு நிற்பவனை எப்படித் திருத்துவது?

அண்ணாச்சி இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை.

“இன்னைக்கு அரை மணி நேரம் கவுண்டர நிறுத்துனா மோசடி பண்ணித்தான் நிறுத்திட்டான்னு தெருவே பேசும் தம்பி. மோதிரம், தோடு பில்லயெல்லாம் பேனாவால திருத்தி, மிச்சத்த அங்கனயே கையில குடுக்கச் சொல்லுதேன். வாங்கிட்டுப் போனவங்களுக்குப் போன் போடச் சொல்லுதேன். அதுக்குள்ள நீங்க ஒங்க சண்டைய முடிச்சிட்டு வாங்க.”

மேற்பார்வையாளர்கள் ஆளுக்கொரு சிவப்புப் பேனாவோடு கவுண்டருக்கு ஒருவராக நின்றார்கள். கோடம்பாக்கத்து அம்மாவுக்கு முதல் திருத்தம். எங்கள் இருவருக்கும் கணக்குப் பிரிவு அறையைத் திறந்துவிட்டார்கள்.

ஹரிணி அந்த ஒரு வரியை எழுதினாள். எழுதிவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். “நீ பாரு” என்றாள்.

மூலையில் இருந்த ஒரு கவுண்டரை மட்டும் கேட்டு வாங்கி, அதில் மட்டும் புது வரியைப் போட்டோம். பண்டிகைக் கோப்பில் இருந்த ஒவ்வொரு நகைக்கும் ஒரு பொய்ப் பில் போட்டேன். மோதிரம் எட்டு. தோடு எட்டு. தொங்கட்டான் எட்டு. ஒட்டியாணம் எட்டு. ஒவ்வொரு பில்லுக்கும் பன்னிரண்டு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு நிரலை அவ்வளவு ஆசையோடு நான் சோதித்ததே இல்லை. நண்பனின் கோடாக இருந்தால் நான்கு பெயர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது மச்சி என்று டீ குடிக்கப் போயிருப்பேன். அன்று ஒரு பெயரைக்கூட விடவில்லை.

லக்ஷ்மி ஆரத்தில் மாட்டியது. பன்னிரண்டு.

அக்கா அந்த ஒரு பெயரை மட்டும் தன் கையால் அடிக்கவில்லை. ஹரிணி ஆபீசில் ஓட்டிப் பார்த்த பிறகு, ஏதோ மொத்த வியாபாரியின் வாட்ஸாப் செய்தியிலிருந்து எடுத்துக் கடைக் கோப்பில் ஒட்டியிருக்கிறார். க்-வுக்கும் ஷ-வுக்கும் நடுவே, இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வைக்கும் ஒரு குறி இருந்தது. அதற்கு அகலம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் பெயருக்குள் அதையும் அனுமதிக்கும். ஹரிணியின் வரி கொம்பையும் காலையும் சேர்க்கும், இதைத் தொடாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வேளச்சேரியிலிருந்து வந்த கல்யாண வீட்டார் லக்ஷ்மி ஆரத்தைப் பெண்ணின் கழுத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மோதிரம் இல்லை. கனமான ஆரம். அதில் நான்கு விழுக்காடு என்றால் சிவப்புப் பேனாவால் சமாளிக்கக் கூடிய தொகையில்லை. சிவப்புப் பேனாக்காரர்களும் மோதிரத்தையும் தோட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தப்பு இருக்கு” என்றேன். கதவு திறந்திருந்தது. கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். ஹரிணி முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து நின்று, “வினோத் புடிச்சுட்டான் அண்ணாச்சி. ஆரம் பாக்கறவாள மட்டும் இன்னும் அஞ்சு நிமிஷம் பேச்சுல வச்சுண்டு இருங்கோ” என்றாள். அவர் போய், தாலிச் சங்கிலிகளை எடுத்து அந்தக் குடும்பத்தின் முன்னால் பரப்பச் சொன்னார்.

அவள் உட்கார்ந்து அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியை நீக்கும் வரியையும் சேர்த்தாள். கண்டிப்பு முறையையும் இயக்கினாள். இனி அடிப்படைக் கோப்பில் இல்லாத பெயர் வந்தால் நிரல் நின்று கேட்கும். தட்டிக்கொண்டே, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“உனக்கு என் மேல பொறாமைன்னு எனக்குத் தெரியும்.”

பொய்ப் பில்களை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

“அதனாலதான் உன்கிட்ட குடுத்தேன். என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட குடுத்தா பாக்காமயே சூப்பர்ம்பா.”

நான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த ஒன்றை அவள் ஸ்பேனர் மாதிரி எடுத்து வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறாள். அது தெரிந்ததும் பொறாமை குறைந்தது என்று எழுதத்தான் ஆசை. கூடியது. என் பொறாமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதுகூட என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுபடி எல்லாப் பெயரையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் எட்டு. ஒவ்வொரு கவுண்டராகப் புது வரியை ஏற்றினோம். லக்ஷ்மி ஆரம் எட்டு விழுக்காட்டில் வேளச்சேரிக்குப் போனது. மத்தியானம் செல்வி அக்கா போன் போட்டார். பேத்தி. “கோப்பு ஓடிச்சாம்மா?” என்று கேட்டாராம். ஓடியது அக்கா, உங்கள் பிள்ளையார் காப்பாற்றிவிட்டார் என்று ஹரிணி சொன்னாள். அவருடைய விசைப்பலகையை மாற்றச் சொல்லவில்லை. இன்றுவரை மாற்றவில்லை. நீங்களும் போய் மாற்றச் சொல்லிவிடாதீர்கள். எந்தக் கை அடிக்கப் போகிறதோ அந்தக் கையை உட்கார வைத்து, எந்த மெஷினில் ஓடப் போகிறதோ அந்த மெஷினில் ஓட்டிப் பாருங்கள். ஆபீசில் நம் கையால் அடித்து நம் மெஷினில் ஓட்டியதற்குச் சோதனை என்று பெயர் வைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை சார் மொட்டைத் தலையோடு வந்தார். லட்டு கொடுத்தார். பிறகு கூப்பிட்டார். அண்ணாச்சி எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டது இதுதானாம்: “அந்தப் பிள்ளையவே மேல வைங்க. அந்தத் தம்பியயும் கூடவே வைங்க, அது தப்பு பண்ணா இவன் விட மாட்டான்.” அப்படித்தான் நடந்தது. நீங்கள் தினமும் மேம் என்று கூப்பிடுபவர் அன்று லீட் ஆனார். நான் சோதனைப் பக்கம் போனேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்ததற்கும், இப்போது நான் சேரப் போகும் அடையாறு கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டதற்கும் அந்த ஒரு காலைதான் முதல். அவர்கள் என் பெயரைக் கேட்டுத்தான் போன் போட்டார்கள். இருந்தும் அவளுடைய அறைக் கதவில் இருக்கும் அந்தச் சின்னப் பலகையைத் தாண்டும்போது இன்றைக்கும் ஒரு முறை படிக்கிறேன்.

ஆகவே புதியவர்களே, உங்களைப் பார்த்து வயிறு எரிபவர் யார் என்று கண்டுபிடியுங்கள், உங்கள் நிரலை முதலில் அவரிடம் கொடுங்கள். எரிவது நீங்களாக இருந்தால் அடுத்தவர் யோசனையை மறுக்கும் முன், அதே யோசனையை உங்கள் வாயில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுக்கத் தோன்றினால் மறுத்துவிடுங்கள். எனக்கு இரண்டாவது இன்னும் சரியாக வரவில்லை.

கடைசியாக ஒன்று. கையில் கொடுத்த மிச்சம், போன் போட்டு வரவழைத்துக் கொடுத்த மிச்சம் எல்லாவற்றையும் அண்ணாச்சி எங்கள் கம்பெனிக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொண்டார். மொத்தம் அறுபத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய். சார் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, “யாரு பொறுப்புன்னு கேட்டதுக்கு ரெண்டு பேருமே நான்னு சொன்னீங்களாமே” என்றார். அந்த வருஷ போனஸில் அதைச் சரிபாதியாகப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் எனக்கும் ஹரிணிக்கும் ஏற்றத்தாழ்வில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான். ஆளுக்கு முப்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.